கேட்டரிங் படிக்கப் போகிறீர்களா? கத்திக்கு முன்னால் ஒரு தராசு வாங்குங்கள்

முதல் வருடம், இரண்டாவது மாதம் என்று நினைக்கிறேன். ப்ராக்டிகல் வகுப்பில் கோழி நெஞ்சுக்கறியை வறுத்து, மேலே சாஸ் ஊற்றி, தட்டின் ஓரத்தைத் துணியால் துடைத்து, கொஞ்சம் பெருமையோடுதான் கொண்டுபோய் வைத்தேன். ஆசிரியர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம், "சரி, இந்தத் தட்டுக்கு என்ன செலவாச்சு?" என்று கேட்டார். முழித்தேன். கோழி எத்தனை கிராம்? தெரியாது. வெண்ணெய்? கண்ணளவு. "அப்ப நீ சமைச்சிருக்க, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

உணவகம், கேட்டரிங் மேலாண்மை படிக்கப் போகிறேன், எப்படிப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்ததுதான். இந்தப் படிப்பில் சமையல், சர்வீஸ், கணக்கு, சுகாதாரம், ஆட்களை நிர்வகிப்பது என்று பாடங்கள் தனித்தனிப் புத்தகங்களாக வரும், தனித்தனி ஆசிரியர்கள் எடுப்பார்கள், தனித்தனியாகத் தேர்வும் வைப்பார்கள். ஆனால் உணவகத்தில் அதெல்லாம் ஒரே தட்டில்தான் வந்து விழும். அவற்றைச் சேர்த்துக் கட்டும் வேலையைக் கல்லூரி உங்களுக்காகச் செய்யாது, நீங்கள்தான் செய்ய வேண்டும். அதற்கு ஒரு தராசும் ஒரு நோட்டும் போதும்.

சேர்வதற்கு முன்னால்

சமைக்கப் பிடிக்கும் என்பது மட்டும் இந்தப் படிப்பில் சேரப் போதுமான காரணம் இல்லை. மற்றவர்கள் விடுமுறையில் இருக்கும்போது வேலை செய்ய முடியுமா, எட்டு மணி நேரம் நிற்க முடியுமா, கத்துகிறவரிடம் கத்தாமல் பதில் சொல்ல முடியுமா என்று பாருங்கள். இதை யோசித்துத் தெரிந்துகொள்ள முடியாது. சேர்வதற்கு முன் ஒரு மாதம் ஏதாவது ஒரு சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலையாவது பாருங்கள், அதற்குமேல் ஆலோசனை எதுவும் தேவைப்படாது. பாத்திரம் கழுவும் இடத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு: எந்த உணவு மிச்சமாகித் திரும்பி வருகிறது என்பது மேனேஜருக்குத் தெரிவதற்கு முன்பே அங்கே நிற்பவருக்குத் தெரிந்துவிடும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் மினுமினுக்கும் பயிற்சிக் கூடத்தையும் காட்டுவார்கள். பாருங்கள், தப்பில்லை. கூடவே சில கேள்விகள் கேளுங்கள். ஒரு அடுப்புக்கு எத்தனை மாணவர்கள்? வெளி ஆட்கள் காசு கொடுத்துச் சாப்பிடும் பயிற்சி உணவகம் இருக்கிறதா, இல்லை சமைத்ததை மாணவர்களே சாப்பிட்டு முடித்துக்கொள்கிறார்களா? ஸ்டோரிலிருந்து பொருள் வாங்க எடை குறிப்பிட்டு இன்டென்ட் (பொருள் கேட்கும் சீட்டு) எழுத வேண்டுமா, கேட்டதை அள்ளிக் கொடுக்கிறார்களா? இன்டர்ன்ஷிப் எத்தனை வாரம், இடத்தை யார் பிடித்துத் தருகிறார்கள்? கணக்குப் பாடம் எத்தனை செமஸ்டர் வருகிறது? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே அது எப்படிப்பட்ட இடம் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இந்தத் துறையில் ஆரம்பத்திலிருந்தே இரண்டு வழிகள் உண்டு. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 1893இல் தொடங்கிய பள்ளி, ஹோட்டல்காரர்கள் தங்களுக்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும் என்று உருவாக்கியது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1922இல் வந்த படிப்பு, ஹோட்டல் தொழிலைப் பல்கலைக்கழகப் பாடமாக்கியது. இன்றைக்கும் எந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தை எடுத்தாலும் கைவேலைப் பக்கமோ நிர்வாகப் பக்கமோ ஏதாவது ஒன்றில் சாய்ந்துதான் இருக்கும். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள், ஏனென்றால் மறுபக்கத்தை நீங்களே சொந்தமாக ஈடுகட்ட வேண்டிவரும்.

என்ன வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்

பன்னிரண்டு கத்திகள் அடங்கிய பையை வாங்காதீர்கள். 20 சென்டிமீட்டர் ஷெஃப் கத்தி ஒன்று, சின்னக் கத்தி ஒன்று, தோல் சீவி, கத்தியைத் தீட்டும் ஸ்டீல், இவ்வளவுதான் முதல் வருடத்துக்கு. மிச்சக் காசில் 1 கிராம் வரை காட்டி 5 கிலோ வரை தாங்கும் டிஜிட்டல் தராசும், உணவுக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரும் வாங்குங்கள். தெர்மாமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, நொறுக்கிய ஐஸ் நிரம்பிய தண்ணீரில் விட்டுப் பாருங்கள், 0 டிகிரி காட்ட வேண்டும். வழுக்காத, முன்பக்கம் மூடிய ஷூவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

துணி பற்றி ஒரு வார்த்தை. சூடான பாத்திரத்தை ஈரத் துணியால் பிடிக்கக் கூடாது. ஈரம் சூட்டைச் சட்டென்று கைக்குக் கடத்தும், அதோடு ஆவியும் சேர்ந்துகொள்ளும். எல்லோருக்கும் சொல்லித்தருவார்கள், எல்லோரும் ஒரு முறை பிடித்துப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வார்கள். நானும்தான். சுட்டுக்கொண்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள், வெண்ணெய் எண்ணெய் எதுவும் தடவாதீர்கள். கத்தி கைநழுவினால் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு விழ விடுங்கள், பிடிக்கப் போகாதீர்கள்.

ப்ராக்டிகல் வகுப்பு முந்தின நாள் இரவே தொடங்குகிறது

மீஸ் ஆன் பிளாஸ் என்று ஒரு பிரெஞ்சுச் சொல்லை முதல் வாரத்திலேயே சொல்லித்தருவார்கள். எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் தயாராக எடுத்து வைப்பது என்று அர்த்தம். பெரும்பாலான மாணவர்கள் அதைக் கிண்ணங்களை வரிசையாக அடுக்குவது என்று புரிந்துகொள்கிறார்கள். கிண்ணம் கடைசியில்தான் வரும். ரெசிபியை முந்தின நாள் இரவே படித்து, தட்டு வெளியே போக வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கி எழுதிப் பாருங்கள். 12.30க்குத் தட்டு என்றால் 12.20க்கு கறி அடுப்பிலிருந்து இறங்கி ஆற வேண்டும், 12.00க்கு அடுப்பில் ஏற வேண்டும், 11.40க்கு சாஸ் வடிகட்டியிருக்க வேண்டும், அப்படியானால் சாஸுக்கு அடிப்படையான ஸ்டாக், அதாவது எலும்பை வேகவைத்து எடுக்கும் சாறு, 10 மணிக்கே கொதிக்கத் தொடங்கியிருக்க வேண்டும், வகுப்பு தொடங்குவதோ 9.30க்கு. இதைப் பார்த்ததும் தெரிந்துவிடும், காலையில் முதலில் ஏறவேண்டியது ஸ்டாக் பாத்திரம், காய் நறுக்கப் பலகையை எடுப்பது அதற்கு அப்புறம்தான். பக்கத்து மேசைக்காரர் வெங்காயத்தை அழகாக நறுக்கி முடித்துவிட்டு 11.15க்கு எலும்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

நறுக்குவதில் வரும் பெயர்களை மில்லிமீட்டரோடு சேர்த்துப் படியுங்கள். புருனுவா என்றால் 3 மில்லிமீட்டர் கனசதுரம். ஜூலியன் என்றால் அதே 3 மில்லிமீட்டர் தடிமனில் சுமார் 5 சென்டிமீட்டர் நீளக் குச்சி. அழகுக்காக மட்டும் இந்த அளவு என்று நினைக்க வேண்டாம், ஒரே அளவில் இருந்தால்தான் எல்லாத் துண்டும் ஒரே நேரத்தில் வேகும். தொடக்கத்தில் ஒரு ஸ்கேலைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நறுக்கினேன், சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

இப்போது நோட்டுக்கு வருவோம். செய்கிற ஒவ்வொரு உணவுக்கும் ஒரு பக்கம். வாங்கிய எடை, சுத்தம் செய்த பின் எடை, வெந்த பின் எடை, எத்தனை பேருக்கு வந்தது, கை எத்தனை நிமிடம் வேலை செய்தது. இந்த ஐந்தும் போதும். ருசி பற்றி ஒரு வரி கடைசியில் எழுதிக்கொள்ளலாம்.

ஏன் இவ்வளவு எடை? 10 கிலோ வெங்காயம் உரித்து முனை வெட்டிய பின் 8.8 கிலோ நின்றால், அதன் யீல்ட் 88 சதவீதம். கிலோ 44க்கு வாங்கிய வெங்காயம் சட்டியில் விழும்போது 44 இல்லை, 44ஐ 0.88ஆல் வகுத்தால் வருகிற 50. உங்கள் ரெசிபியில் 44 என்று போட்டிருந்தால் ஒவ்வொரு கிலோவிலும் 6 காணாமல் போகிறது, யாரும் திருடவில்லை. ஆர்டர் போடும்போதும் இதே தவறு நடக்கும். உரித்த வெங்காயம் 22 கிலோ வேண்டும், 12 சதவீதம் வீணாகிறது, அதனால் 22உடன் 12 சதவீதம் கூட்டி 24.64 கிலோ வாங்குவோம் என்று நிறையப் பேர் கணக்குப் போடுவார்கள். சரியான விடை 22ஐ 0.88ஆல் வகுத்தால் வரும் 25 கிலோ. வெங்காயத்தில் இந்த வித்தியாசம் சின்னது. பாதி எடை தோலும் எலும்புமாகப் போகிற பொருளில் இதே தவறைச் செய்தால் விருந்தில் கடைசி வரிசைக்கு உணவு இருக்காது. கறி வேகும்போதும் சுருங்கும், கால் பங்கு வரை எடை குறைவது சாதாரணம், அதனால் மெனுவில் எழுதும் கிராம் பச்சையா வெந்ததா என்று தெளிவாக முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்த எண்களைப் புத்தகத்திலிருந்தும் எடுக்கலாமே என்று தோன்றும். எடுக்கலாம், ஆனால் புத்தகத்தின் 88 வேறு யாரோ ஒருவரின் கத்தியில் வந்தது. உங்கள் கத்தியில் முதல் மாதம் 81 வரும். மூன்றாவது மாதம் 87 ஆகும்போது நீங்கள் தேறியிருப்பது உங்களுக்கே எண்ணாகத் தெரியும், மதிப்பெண் தாளில் அது தெரியாது.

அளவைப் பெருக்குவதும் இங்கேதான் வரும். 10 பேருக்கான ரெசிபியை 250 பேருக்கு மாற்ற 25ஆல் பெருக்க வேண்டும், கணக்கு சரி, உணவு சரியாக வராது. அகலமான பெரிய பாத்திரத்தில் தண்ணீர் ஆவியாகும் விகிதம் வேறு. உப்பு, காரம், மசாலா, பேக்கிங் பவுடர் இவற்றை அப்படியே பெருக்காமல் முக்கால் அளவில் தொடங்கிப் பார்த்துப் பார்த்துக் கூட்டுங்கள். வேகும் நேரத்தைப் பெருக்கவே பெருக்காதீர்கள். (சிரிக்காதீர்கள், ஒருவர் பெருக்கினார்.)

எண்கள், இங்கேதான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும்

உணவுச் செலவு சதவீதம் கணக்கிடும் வாய்ப்பாடு எல்லாருக்கும் தெரியும். தொடக்க இருப்பு, அதோடு வாங்கியது, அதிலிருந்து கடைசி இருப்பைக் கழித்தால் பயன்பட்டது, அதை விற்பனையால் வகுத்தால் சதவீதம். தொடக்கத்தில் 40க்கு சரக்கு இருந்தது, 120க்கு வாங்கினோம், கடைசியில் 35 மிச்சம், ஆக 125 பயன்பட்டிருக்கிறது. விற்பனை 400 என்றால் 31.25 சதவீதம். தேர்வில் இதை எழுதினால் முழு மதிப்பெண். வேலையில் இது பாதி வழிதான்.

மறுபாதி என்னவென்றால், எவ்வளவு செலவாகியிருக்க வேண்டும்? விற்ற ஒவ்வொரு தட்டையும் அதன் ஸ்டாண்டர்டு ரெசிபிச் செலவால் (எழுதிவைத்த அளவுப்படி ஒரு தட்டுக்கு ஆகவேண்டிய செலவு) பெருக்கிக் கூட்டினால், 112 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 28 சதவீதம். 125க்கும் 112க்கும் நடுவில் இருக்கிற அந்த 13தான் மேலாளரின் வேலை. அது எங்கே போனது? அதிக அளவு பரிமாறினார்களா, கெட்டுப்போய்க் கொட்டினார்களா, சரக்கு வாங்கும்போது எடை பார்க்கவில்லையா, பில் போடாமல் தட்டு வெளியே போனதா, ஊழியர் சாப்பாட்டை எழுத மறந்தார்களா, திருட்டா? பெரும்பாலானவர்கள் கடைசியில் சொன்னதிலிருந்து தேடத் தொடங்குவார்கள். நான் அங்கே தொடங்க மாட்டேன். எங்கள் பயிற்சி உணவகத்தில் ஒரு மாதம் இப்படித்தான் கணக்கு உதைத்தது, ஆளாளுக்கு ஆளைச் சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால் 60 மில்லி சாஸ் கரண்டி உடைந்து அதற்குப் பதிலாக யாரோ 90 மில்லி கரண்டியைப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு தட்டிலும் ஒன்றரை மடங்கு சாஸ். விருந்தினர்களுக்குச் சந்தோஷம்தான்.

அடுத்து ஒரு பொறி. சதவீதம் குறைவாக இருந்தால் நல்ல உணவு என்று மனதில் பதிந்துவிடும். ஒரு உணவு 20 செலவில் 60க்கு விற்கிறது, 33 சதவீதம். இன்னொன்று 50 செலவில் 120க்கு விற்கிறது, ஏறக்குறைய 42 சதவீதம். முதலாவது புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. ஆனால் முதலாவது கல்லாவில் 40 விட்டுப்போகிறது, இரண்டாவது 70. வாடகையைச் சதவீதத்தில் கட்ட முடியாது. மெனு இன்ஜினியரிங் என்ற முறையை அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கசவானாவும் டொனால்ட் ஸ்மித்தும் 1982இல் கொண்டுவந்தபோது இந்த இடத்தைத்தான் பிடித்தார்கள். ஒவ்வொரு உணவும் எவ்வளவு விட்டுப்போகிறது, எத்தனை விற்கிறது என்று இரண்டு கோடு போட்டு நான்கு பெட்டியாகப் பிரிப்பது. இரண்டிலும் நல்லது நட்சத்திரம், நிறைய விற்று குறைவாகத் தருவது உழவுக்குதிரை, நிறையத் தந்தும் விற்காதது புதிர், இரண்டிலும் மோசம் என்றால் நாய். எத்தனை விற்றால் 'நிறைய' என்பதற்கும் ஒரு விதி உண்டு: 10 உணவுகள் இருந்தால் ஒவ்வொன்றின் சம பங்கு 10 சதவீதம், அதில் 70 சதவீதம், அதாவது மொத்த விற்பனை எண்ணிக்கையில் 7 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். இதை வகுப்புப் பயிற்சியாக மட்டும் செய்து விட்டுவிடாதீர்கள். பயிற்சி உணவகத்தின் ஒரு மாத பில்களைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள், ஷெஃபுக்குப் பிடித்த உணவு எந்தப் பெட்டியில் விழுகிறது என்று பார்ப்பது தனி சுவாரசியம். நாய் என்று வந்ததை உடனே தூக்கவும் வேண்டாம், அந்த ஒரு உணவுக்காகவே வருகிற ஒருவரோடு இன்னும் ஆறு பேர் வரலாம்.

லாபமும் நட்டமும் இல்லாமல் நிற்கும் இடத்தைக் காட்டும் பிரேக் ஈவன் கணக்கு எளிது. ஒருவர் 5 தருகிறார், அதில் 2 அவருக்கான பொருள் செலவு, 3 மிச்சம். வாடகை போல, யாரும் வராவிட்டாலும் ஆகும் மாத நிலைச் செலவு 900 என்றால் 300 பேர் வந்தபிறகுதான் முதல் காசு உங்களுடையது. பொருளும் சம்பளமும் சேர்ந்த பிரைம் காஸ்ட்டை விற்பனையில் 60 முதல் 65 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது தொழிலில் சொல்லும் தோராய விதி. இடத்துக்கு இடம் மாறும்.

இன்னொன்று பெரும்பாலான மாணவர்கள் கவனிக்காமல் விடுவது, நாற்காலி நேரம். 1990களின் இறுதியில் கார்னெல் பேராசிரியர் ஷெரில் கைம்ஸ் உணவகங்களுக்குக் கொண்டுவந்த அளவுகோல் இது. 40 நாற்காலிகள், 4 மணி நேரம் திறந்திருக்கிறது, ஆக 160 நாற்காலி மணி. விற்பனை 800 என்றால் ஒரு நாற்காலி மணிக்கு 5. நான்கு பேர் மேசையில் இருவர் இருவராக உட்காரும் உணவகம் நிரம்பி வழிவது போலத் தெரியும், பாதிதான் நிரம்பியிருக்கும். ஒரு மாலை நேரம் ஏதாவது உணவகத்தில் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள், அப்புறம் எந்த உணவகத்துக்குப் போனாலும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது, அந்த நோய் தொற்றிவிடும்.

கணக்கெல்லாம் ஸ்ப்ரெட்ஷீட்டில் போடப் பழகுங்கள், அதையும் வெறும் பட்டியலாக வைக்காமல் விலையை ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா ரெசிபியிலும் மாறும்படி கட்டுங்கள். நோட்டில் இருக்கும் எடைகள் அப்போதுதான் உயிர்பெறும்.

சுகாதாரப் பாடத்தைத் தூங்கிக்கொண்டே கேட்காதீர்கள்

ஹசாப் (HACCP) என்று ஒரு உணவுப் பாதுகாப்பு முறையைச் சொல்வார்கள், ஏழு கோட்பாடுகள், மனப்பாடம் செய்து எழுதினால் தேறிவிடலாம். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மனப்பாடமே தேவைப்படாது. 1960களில் விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரித்த பில்ஸ்பரி நிறுவனமும், நாசாவும், அமெரிக்க ராணுவ ஆய்வகமும் ஒரு சிக்கலைச் சந்தித்தன. தயாரான உணவைச் சோதித்துப் பாதுகாப்பை உறுதிசெய்ய வேண்டும் என்றால் தயாரித்ததில் பெரும்பகுதியைச் சோதனைக்கே கொடுக்க வேண்டும். அதனால் கடைசியில் சோதிப்பதை விட்டு, வழியில் எந்த இடத்தில் தவறு நடக்கக்கூடும் என்று பார்த்து அந்த இடத்தைக் கட்டுப்படுத்தினார்கள். அவ்வளவுதான் ஹசாப். உங்கள் நோட்டில் ஏற்கெனவே இருக்கும் ஒரு உணவை எடுத்து, சரக்கு வந்ததிலிருந்து தட்டு வரை அம்புக்குறி போட்டு, எங்கே சூடு முக்கியம், எங்கே நேரம் முக்கியம் என்று குறித்துப் பாருங்கள்.

ஃபிரிட்ஜ் 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே, ஃபிரீசர் மைனஸ் 18. 5க்கும் 60க்கும் நடுவில் உணவை நிறுத்திவைப்பது ஆபத்து. சட்ட எண்கள் நாட்டுக்கு நாடு மாறும்: சூடாக வைத்துப் பரிமாறும் உணவுக்கு பிரிட்டனில் 63 டிகிரி, அமெரிக்காவில் 57. நீங்கள் வேலை செய்யும் இடத்தின் எண்ணைப் படியுங்கள். கோழியின் நடுப்பகுதி 74 டிகிரி வர வேண்டும் என்பது அமெரிக்க எண்.

சமைப்பதைவிட ஆறவைப்பதில்தான் விபத்து அதிகம் என்பேன். பெரிய பாத்திரம் நிறையக் குழம்பை அப்படியே ஃபிரிட்ஜில் தள்ளினால் நடுப்பகுதி இரவெல்லாம் வெதுவெதுப்பாக இருக்கும். அமெரிக்க விதிப்படி 57 டிகிரியிலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்தில் இறங்க வேண்டும், மொத்தம் ஆறு மணி நேரத்துக்குள் 5க்கு வர வேண்டும். ஆழமில்லாத தட்டுகளில் பரப்புங்கள், ஐஸ் தண்ணீரில் பாத்திரத்தை வைத்துக் கிளறுங்கள். சோறு இன்னும் மோசம். பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்து வெந்த பிறகும் உயிரோடு இருக்கும், வெளியே கிடக்கும் சோற்றில் அது வளர்ந்து வெளியிடும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. சூடுபண்ணிட்டா சரியாயிடும் என்று ஒரு சீனியர் சொல்வார், எல்லா சமையலறையிலும் ஒருவர் இருப்பார். கேட்காதீர்கள்.

ஒவ்வாமை விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் 14 பொருட்களைப் பட்டியலிடுகிறது, அமெரிக்கா 9, அந்த ஒன்பதாவதாக 2023இல் சேர்ந்தது எள். நோட்டின் ஒவ்வொரு ரெசிபிப் பக்கத்தின் மூலையிலும் அதில் இருக்கும் ஒவ்வாமைப் பொருட்களைச் சிவப்பில் எழுதுங்கள். வாங்கிய சாஸ் பாட்டிலின் லேபிளையும் படித்துவிட்டு எழுதுங்கள்.

சர்வீஸை மட்டமாக நினைக்கிறவர்களுக்கு

சமையலறையில் நிற்க ஆசைப்படுபவர்கள் சர்வீஸ் வகுப்பைக் கடமைக்குச் செய்வார்கள். ஒரு கவருக்கு, அதாவது மேசையில் ஒருவர் சாப்பிடும் இடத்துக்கு, 24 அங்குலத்துக்கு 18 அங்குலம், பானம் வலப்பக்கமிருந்து, இதெல்லாம் இரண்டு வாரத்தில் பழகிவிடும். அதற்குப் பிறகு கற்க வேண்டியது கண்ணாலும் காதாலும் கற்பது. விருந்தினர் மெனுவில் எந்த வரியில் தயங்கினார், எந்தத் தட்டு பாதியில் திரும்பியது, கே.ஓ.டி. (சமையலறைக்குப் போகும் ஆர்டர் சீட்டு) அடித்ததற்கும் தட்டு வந்ததற்கும் நடுவில் எத்தனை நிமிடம். இதையும் நோட்டில் எழுதுங்கள். சமையலறையில் அமர்க்களமாக வந்த உணவு மேசையில் ஏன் தோற்றது என்று சர்வீஸில் நின்றவருக்குத்தான் தெரியும்.

பிரெஞ்சுப் பதவிப் பெயர்கள் பயமுறுத்தும். சோசியே (சாஸ் செய்பவர்), கார்ட் மாஞ்சே (குளிர்ந்த உணவுகளைச் செய்பவர்), சூ ஷெஃப் (ஷெஃபுக்கு அடுத்தவர்), கமி (இளநிலை சமையல்காரர்). ராணுவத்தில் சமையல்காரராக இருந்த பிரெஞ்சு ஷெஃப் எஸ்கோஃபியே, 1890இலிருந்து லண்டன் சவாய் ஹோட்டலில் வேலை செய்த காலத்தில் ராணுவ அணி போலவே சமையலறையைப் பகுதிகளாகப் பிரித்த முறையின் பெயர்கள் அவை. பட்டியலாகப் படிக்காமல், ஒரு தட்டு யார் யார் கைமாறி வெளியே வருகிறது என்று வரைந்து படித்தால் மறக்காது.

வெளியே போய்ச் செய்யும் கேட்டரிங்

உணவகத்தில் ஒரு தட்டு கெட்டால் இன்னொன்று செய்யலாம், விருந்தில் முடியாது. இடத்தை முன்கூட்டிப் போய்ப் பார்க்க வேண்டும்: தண்ணீர் எங்கே, மின்சாரம் எவ்வளவு தாங்கும், வண்டி நிற்கும் இடத்திலிருந்து பரிமாறும் இடம் எத்தனை அடி, லிஃப்டில் டிராலி நுழையுமா. ஜி.என். (காஸ்ட்ரோநார்ம்) என்ற நிலையான அளவுள்ள உணவுத் தட்டுகளின் முழு அளவு 530க்கு 325 மில்லிமீட்டர், அதை மனதில் வைத்தால் எந்த வண்டியில் எத்தனை அடுக்கலாம் என்று கணக்குப் போடலாம். ஆட்களின் எண்ணிக்கையை எழுத்தில் வாங்குங்கள், எந்தத் தேதிக்குப் பிறகு குறைக்க முடியாது என்பதையும் சேர்த்து. ஏற்றும் பட்டியலை உணவு வாரியாக எழுதாதீர்கள், பரிமாறும் வரிசைப்படி எழுதினால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கரண்டி எழுதியிருக்கிறதா என்பது தானாகத் தெரியும். விருந்தில் மறந்துபோகிற பொருள் எப்போதும் கரண்டிதான், உணவை யாரும் மறப்பதில்லை.

இன்டர்ன்ஷிப்

போகும் முன்னால் எந்தப் பிரிவில் எத்தனை வாரம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், உதவித்தொகை உண்டா என்று கடிதத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை. நான் போன இடத்தில் முதல் மூன்று வாரமும் உரிக்கிற வேலை மட்டும். புலம்பிக்கொண்டே உரித்தேன், பிறகு வேறு வழியில்லாமல் எடை போட ஆரம்பித்தேன், காலையில் வந்த மூட்டை எடை, மாலையில் உரித்த எடை. நான்காவது வாரம் ஷெஃப் சும்மா நோட்டைப் புரட்டிப் பார்த்தார், இரண்டு சப்ளையரின் உருளைக்கிழங்குக்கு யீல்ட் ஆறு சதவீதம் வித்தியாசம், விலை மலிவானதுதான் கடைசியில் அதிக செலவு. மறுநாள் என்னை ஸ்டோரில் சரக்கு வாங்கும் இடத்தில் நிற்கச் சொன்னார். அந்த இரண்டு மாதத்தில் உருப்படியாகக் கற்றது அங்கேதான்.

உங்களுக்கு அப்படி அமையாவிட்டால் நீங்களே கேளுங்கள். ஒரு வாரம் ஸ்டோர், ஒரு வாரம் பர்ச்சேஸ், ஒரு மாதக்கடைசி சரக்கு எண்ணும் இரவு. சமையலறையில் நிற்க எல்லோரும் கேட்பார்கள், ஸ்டோரில் நிற்க யாரும் கேட்க மாட்டார்கள், அதனால் எளிதில் கிடைக்கும்.

கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்கு ஒரு கற்பனை உணவகத்தை உருவாக்கச் சொல்வார்கள். இணையத்தில் கிடைத்த எண்களை வைத்து எழுதுபவர்கள், அந்த 31 சதவீத உணவுச் செலவு எப்படி வந்தது என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டதும் தடுமாறுவார்கள். உங்களிடம் மூன்று வருட எடைகள் இருக்கும், பக்கம் புரட்டிக் காட்டலாம்.

ஆனால் ஒன்று, நோட்டு நனையும். எண்ணெய் படும், மாவு ஒட்டும், ஒரு முறையாவது சிங்க்கில் விழும். பேனா மை கலைந்து போய்விடும், பென்சில் நிற்கும். சட்டைப்பையில் நுழையும் சின்ன நோட்டில் பென்சிலால் எழுதி, அன்றைக்கு ராத்திரியே பெரிய நோட்டுக்கோ ஸ்ப்ரெட்ஷீட்டுக்கோ மாற்றிவிடுங்கள். மறுநாள் பார்த்தால் 340 என்று எழுதியது கோழியா வெங்காயமா என்று உங்களுக்கே தெரியாது.